விருந்தை எறிந்தவன்

அன்புள்ள சேர்,

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். 'த்ரோ' என்றால் 'எறி' என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அதுதான் சிக்கல். 'த்ரோ எ பார்ட்டி' என்பதற்கு ஒரு மாணவன் 'விருந்தை எறிந்தான்' என்று எழுதியிருக்கிறான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். குதிரை ஆளைக் கீழே தள்ளினாலும் த்ரோ, குயவர் பானை வனைந்தாலும் த்ரோ, தோல்வியை ஒப்புக்கொண்டு துவாயை எறிந்தாலும் த்ரோ. அர்த்தங்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவைக்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

முதலில், அந்தப் பையனைப் பார்த்து நீங்கள் சிரித்திருக்கக் கூடாது. வகுப்பு சிரிக்கட்டும், அது வகுப்பின் வேலை. டீச்சரும் சேர்ந்து சிரித்தால் அந்தப் பிள்ளை அப்புறம் வாய் திறக்காது. தெரிந்ததை வைத்துக்கொண்டு துணிந்து எழுதியிருக்கிறான். விடையே எழுதாமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினீர்களா?

துவாய் குத்துச்சண்டையிலிருந்து வந்தது, ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். குதிரையைப் பற்றி, ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போய்வந்த பிள்ளையைக் கேளுங்கள். பட்டியல் வேண்டாம்.

பானையை அப்படித் தாண்டிப் போக முடியவில்லை. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு முறுக்குதல், திருகுதல் என்றுதான் பொருள். எறிதல் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஜெர்மன்காரர்கள் திருப்புவதற்குச் சொல்லும் 'ட்ரேஹென்' இதன் உறவுக்காரன். சக்கரத்தில் மண்ணைச் சுழற்றும் குயவர் பழைய பொருளை இன்னும் விடவில்லை. பட்டு இழைகளை முறுக்கி நூலாக்கும் தொழிலுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான்.

இதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சுழற்பந்து வீச்சாளர் முரளிதரன் ஞாபகம்தான். தோட்டத்துக்கு வந்த தாத்தாவின் பேரன், கண்டிக்காரர். கிரிக்கெட்டில் இந்தச் சொல் ஒரு குற்றச்சாட்டு. உங்கள் கடிதத்தில் அது மட்டும் இல்லை. மலையகத்து டீச்சர் ஒருவர் அதை எப்படி விட்டீர்கள்?

1995 டிசம்பர் 26, மெல்பேர்ன் டெஸ்ட். ஹட்டனில் ஒரு சலூனில் முடிவெட்டக் காத்திருந்தேன். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. நடுவர் டெரல் ஹெயார் முரளியின் மூன்று ஓவர்களில் ஏழு தடவை நோ போல், அதாவது முறையற்ற பந்து என்று கொடுத்தார். "த்ரோ பண்ணுறானாம்" என்றார் சலூன்காரர், கத்தரியை நிறுத்திவிட்டு. கிரிக்கெட் தெரியாத பெரியவர் ஒருவர் பதறிப்போய், "நம்ம பையன் யார் மேல எறிஞ்சான்?" என்று கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

களத்தடுப்பாளர் எறியலாம், பந்துவீச்சாளர் எறியக் கூடாது. கை தோள் மட்டத்துக்கு வந்தபின் முழங்கை நிமிர்ந்தால் அது எறி. முரளியின் முழங்கை பிறப்பிலிருந்தே முழுதாக நிமிராதது. பந்தைச் சுழற்றியது அவருடைய தோளும் மணிக்கட்டும். பார்க்கிறவர் கண்ணுக்குத்தான் முழங்கை நிமிர்வதுபோலத் தெரியும். அதே டெஸ்டில் மறுமுனைக்கு மாறி அவர் ஓவர் ஓவராகப் போட்டார். அங்கே நின்ற நியூசிலாந்து நடுவர் ஸ்டீவ் டன் ஒரு பந்துக்கும் கை நீட்டவில்லை. அதே கை, அதே பந்து. அப்படியானால் குற்றம் கையிலா, பார்த்த கண்ணிலா?

சில நாளில் பிரிஸ்பேன். மணிக்கட்டைத் திருப்பிப் போடும் லெக் பிரேக் பந்தைப் போட்டுக் காட்டினார். அந்த மணிக்கட்டுத் திருப்பத்தோடு பந்தை எறிவது அநேகமாக முடியாத காரியம். நடுவர் ரொஸ் எமர்சன் அதற்கும் நோ போல் கொடுத்தார். பந்தைப் பார்த்தாரா, ஆளைப் பார்த்தாரா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். 1996இல் பேர்த்திலும் ஹொங்கொங்கிலும் ஆய்வுகூடத்தில் அளந்து, எறியவில்லை என்றார்கள். 2004இல் முழங்கை நிமிர முடியாதபடி கையில் எஃகுச் சட்டம் கட்டிக்கொண்டு கமரா முன்னால் போட்டுக் காட்டினார். எந்த மனிதனிடம் இப்படி நிரூபிக்கச் சொல்வார்கள்?

2005இல் எல்லோருக்கும் முழங்கை 15 பாகை வரை நிமிரலாம் என்று வரம்பு வைத்ததும், அவருக்காகச் சட்டத்தையே வளைத்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. அரைகுறைப் பேச்சு. கருவி வைத்து அளந்தபோது, சுத்தமாகப் போடுகிறவர்கள் என்று பேரெடுத்தவர்களின் முழங்கையும் நிமிர்வது தெரிந்தது. அதனால் வந்த வரம்பு அது. இதை எத்தனை பேரிடம் சொல்லி எத்தனை பேரோடு சண்டை பிடித்திருப்பேன். சரி, பழைய ஆங்கிலப் பொருளில் கேட்டால் அவர் த்ரோ பண்ணினார்தான், 800 விக்கெட்டுக்கும். அதை ஹெயார் யோசித்திருக்கமாட்டார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். முரளி லெக் பிரேக் போடும் வீடியோ கிடைத்தால் மெதுவாக ஓட்டிக் காட்டுங்கள். எறிந்தாரா, இல்லையா? ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம் எழுதட்டும். காரணம் சொல்லி 'எறிந்தார்' என்று எழுதுகிற பிள்ளைக்கும் முழுப் புள்ளி கொடுங்கள். அந்தத் தாளை மட்டும் எனக்கு அனுப்ப வேண்டாம்.