ஏயூ 58 என்று வந்த நாணயம்: ஸ்லாபை உடைக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: 1892-இல் நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையில் அச்சான மார்கன் வெள்ளி டாலர் ஒன்றை வாங்கினேன். புழக்கத்துக்கே போகாதது, எம்எஸ் 63 (எம்எஸ் என்பது புழங்காத நாணயத்துக்கான தரம்) தேறும் என்று சொல்லித்தான் விற்றார்கள். நாணயத்தின் தரத்தைக் கணித்து எண் போடும் நிறுவனத்துக்குக் கிரேடிங்குக்கு அனுப்பினால், ஸ்லாபில் (முத்திரையிட்ட பிளாஸ்டிக் உறையில்) ஏயூ 58, அதாவது லேசாகப் புழங்கியது, என்று வந்திருக்கிறது. முன்புறப் பெண் தலையில் காதுக்கு மேலுள்ள முடி மழுங்கியிருப்பது அச்சு சரியாக விழாததால்தான், தேய்மானம் அல்ல என்கிறார் விற்றவர். ஸ்லாபை உடைத்து மறுபடி அனுப்பலாமா?

பதில்: இப்போதைக்கு உடைக்காதீர்கள். விற்றவர் சொல்வதில் நியாயம் இருக்க வாய்ப்புண்டு. 1892 நியூ ஆர்லியன்ஸ் டாலர்கள் அச்சு மழுங்கலுக்குப் பேர்போனவை. அதே சமயம், அச்சு மழுங்கிய நாணயம் கொஞ்சம் புழங்கியும் இருக்கலாம். முடியை மட்டும் பார்த்தால் இந்த வழக்கு தீராது.

பார்க்கும் முறை முக்கியம். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, 75 வாட் குண்டு பல்பு தரும் அளவுக்கு வெளிச்சமுள்ள ஒரே ஒரு மேசை விளக்கின் கீழ் பாருங்கள். டியூப்லைட் போலப் பரவலாக விழும் ஒளி பளபளப்பையும் காட்டாது, மயிரிழைக் கீறல்களையும் காட்டாது. முதலில் வெறும் கண்ணால், பிறகு 5 மடங்கு லென்ஸில். நாணயத்தைச் சாய்த்து, மெல்லச் சுழற்றுங்கள். புழங்காத வெள்ளி டாலரில் ஒளிக்கற்றை வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல அறுபடாமல் சுற்றிவரும். அச்சடிக்கும்போது உலோகம் வழிந்தோடிய நுண்ணிய கோடுகளே அந்தப் பளபளப்பு. விரல் பட்டு, பையில் உரசி அந்தக் கோடுகள் தேய்ந்த இடத்தில் ஒளி நின்றுவிடும். அந்த இடம் சாம்பல் நிறமாக மங்கித் தெரியும்.

இனி மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, காதுக்கு மேலுள்ள முடி. அச்சின் ஆழத்தை உலோகம் எட்டாமல் போயிருந்தால், அங்கே அச்சடிக்கும் முன்பு வெள்ளித் தகட்டில் இருந்த சிறு பள்ளங்களும் கீறல்களும் நசுங்காமல் அப்படியே இருக்கும். தேய்ந்த முடி வழவழவென்று, நிறம் மாறித் தெரியும். இரண்டாவது, பின்புறக் கழுகின் மார்பு. காது முடியும் கழுகின் மார்பும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று நேர் எதிரே இருப்பதால், அழுத்தம் போதாவிட்டால் இரண்டும் சேர்ந்தே மழுங்கும். முடி மட்டும் மழுங்கி, கழுகின் இறகுகள் கூர்மையாக நின்றால், அச்சு மழுங்கல் என்ற வாதம் பலவீனமாகிறது. மூன்றாவது இடத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: முகத்துக்கு முன்னே இருக்கும் வெற்றுத் தளம். அச்சு மழுங்கல் தளத்தின் பளபளப்பைக் கெடுக்காது. தளத்தின் நடுவிலும் கன்னத்திலும் ஒளிக்கற்றை அறுபட்டால் நாணயம் புழங்கியிருக்கிறது. ஏயூ 58 சரியான தரம்தான்.

இவ்வளவு பார்த்த பிறகும் நல்ல கண் உள்ள இருவர் மாறுபடலாம். தாளில் சுற்றிய நாணயச் சுருளிலும் பையிலும் ஒன்றோடொன்று உரசிய நாணயங்களின் மேடுகள் லேசாக மங்கியிருக்கும். கறாராகப் பார்ப்பவர் அதைத் தேய்மானம் என்பார். சந்தை வழக்கப்படி பார்ப்பவர் பொறுத்துக்கொண்டு எம்எஸ் 61, 62 தருவார். இந்தத் தர எண்களுக்கு அடிப்படையான 70 புள்ளி அளவுகோலே விலையிலிருந்து வந்தது. 1949-இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்காவின் பழைய பெரிய சென்ட் காசுகளுக்காக அதை வகுத்தபோது, எண்கள் தரத்தோடு விலை விகிதத்தையும் சுட்டின. அளவுகோலின் மேல் நுனியில், 60 முதல் 70 வரை 11 படிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஆகவே 63-ஆ 64-ஆ என்ற சண்டையில் இரு பக்கமும் சரியாக இருக்கலாம். 58-ஆ 63-ஆ என்பது அப்படியல்ல. அங்கே கேள்வி 'தேய்ந்ததா, இல்லையா' என்பதே.

மூன்று சோதனையிலும் நாணயம் தேறினால், ஸ்லாபோடு அதே நிறுவனத்துக்கு மறுபரிசீலனைக்கு அனுப்புங்கள். வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதானால், விண்ணப்பத்தில் குறைந்தபட்சத் தரத்தை எழுத மறக்காதீர்கள். அது எட்டாவிட்டால் நாணயம் பழைய ஸ்லாபிலேயே திரும்பும். நாணயம் பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி (இரண்டும் கிரேடிங் நிறுவனங்கள்) ஸ்லாபில் இருந்தால், ஸ்லாபில் உள்ள நாணயத்தை மறுபடி பார்த்து ஸ்டிக்கர் ஒட்டும் சிஏசி நிறுவனத்தின் கருத்தும் உதவும். பச்சை ஸ்டிக்கர் என்றால் கொடுத்த தரம் உறுதி. தங்க ஸ்டிக்கர் என்றால் தரம் குறைத்துப் போடப்பட்டிருக்கிறது என்பது அவர்கள் கணிப்பு. மேல்முறையீட்டுக்கு அதைவிட நல்ல அறிகுறி இல்லை.

உடைத்து அனுப்பினால் என்ன போகும்? முதலில் தரத்துக்கு நிறுவனம் தந்த உத்தரவாதம் போகும். வெட்டும்போது கருவி நழுவி விளிம்பில் ஒரு பள்ளம் விழலாம். அடுத்த முறை பார்ப்பவர் முன்பு பொறுத்துக்கொண்ட மயிரிழைக் கீறல்களைப் பொறுக்காமல் 'கழுவப்பட்டது' என்று டீடெய்ல்ஸ் (குறையுள்ள நாணயம் என்ற குறிப்பு) போட்டுவிடலாம்; அப்போது எண்ணே கிடைக்காது. செலவையும் கணக்குப் பாருங்கள். உயர் தரம் கிடைக்க நான்கில் ஒரு வாய்ப்பு என்று வைத்தால், இரண்டு தரங்களின் விலை வித்தியாசம் கட்டணம், தபால், காப்பீடு எல்லாம் சேர்ந்த தொகையைப் போல 4 மடங்குக்கு மேல் இருந்தால்தான் முயற்சி கட்டுப்படியாகும். தரம் இறங்கும் ஆபத்து இதில் சேரவில்லை. எப்படியும் உடைத்தே தீர்வதென்றால் ஸ்லாபுக்குள் இருந்த பழைய தரச் சீட்டை நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அனுப்பாவிட்டால் ஒரே நாணயம், எந்தத் தரத்தில் எத்தனை நாணயம் என்று காட்டும் அவர்கள் எண்ணிக்கைப் பட்டியலில் இரண்டு, மூன்றாகப் பெருகி, அடுத்து வாங்குபவரை ஏமாற்றும்.

தரத்தை உயர்த்த, கறை நீக்கும் டிப் கரைசலில் முக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். அது கறையோடு மேல்பரப்பையும் சேர்த்துக் கரைக்கும். அந்த நுண்கோடுகள் போனால் திரும்பி வராது. பிவிசி உறையிலிருந்து ஒட்டிய பச்சைப் பசை இருந்தால் மட்டும் சுத்தமான அசிட்டோன் போதும். கண்ணாடிக் கிண்ணத்தில், காற்றோட்டமான இடத்தில், நெருப்பு அருகில் இல்லாமல், தேய்க்காமல் ஊறவிட்டு எடுக்க வேண்டும். தேய்மானத்தை அது மாற்றாது.

தளத்தில் ஒளி அறுபடுகிறது என்று நீங்களே கண்டால், மறுபரிசீலனைக் கட்டணத்தை மிச்சம்பிடித்து, ஸ்லாபையும் வாங்கிய ரசீதையும் எடுத்துக்கொண்டு விற்றவரிடம் போய்ப் பேசுங்கள்.