வாசகர் கேள்வி-பதில்: தவளை வரைந்த பாடகர்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் ஒரு டி-ஷர்ட் வாங்கி வந்திருக்கிறான். தண்டு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கண்களோடு ஒரு தவளை, கூடவே 'ஹாய், ஹவ் ஆர் யூ' என்ற எழுத்து. கேட்டால், "பெரிய அண்டர்கிரவுண்ட் ஆர்ட்டிஸ்ட்மா" என்கிறான். யார் அவர்? (ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: உங்கள் மகனுக்கு நல்ல ரசனை. தவளையின் பெயர் ஜெரமையா, வரைந்தவர் டேனியல் ஜான்ஸ்டன். அமெரிக்கர், 1961இல் பிறந்தவர், ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. வெஸ்ட் வர்ஜீனியாவில் பக்தி மிகுந்த கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தார். சின்ன வயதிலிருந்தே படம் வரைவார், பியானோ வாசிப்பார், பீட்டில்ஸ் என்றால் உயிர். வீட்டின் நிலவறையில் உட்கார்ந்து, ஒரு சாதாரண டேப் ரெக்கார்டரில் தன் பாட்டுகளைத் தானே பதிவு செய்ய ஆரம்பித்தார். அம்மா திட்டுவதைக்கூட விடவில்லை, அதுவும் அந்தக் கேசட்டில் இருக்கிறது.

அண்டர்கிரவுண்ட் என்று சொல்வது எதனால் என்றால், கம்பெனி, விளம்பரம், ரேடியோ எதுவும் இல்லாமல் கைக்குக் கை போன பாட்டு இது. டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரத்துக்கு வந்து மெக்டொனால்ட்ஸில் வேலை பார்த்துக்கொண்டே, தானே அட்டைப்படம் வரைந்த கேசட்டுகளை எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தார். அந்தத் தவளை 1983இல் வந்த ஒரு கேசட்டின் அட்டைப்படம்தான். 1992 எம்டிவி விருது விழாவுக்கு நிர்வாணா ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் அந்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தார், அப்புறம் உலகமே தவளையைத் திரும்பிப் பார்த்தது. அடுத்த வருடம் ஆஸ்டினில் ஒரு ரெக்கார்டு கடைச் சுவரில் ஜான்ஸ்டன் அதைப் பெரிதாக வரைந்தார். பிறகு கடை மூடி, அந்த இடத்துக்கு ஓர் உணவகம் வரவிருந்தபோது சுவரை இடிக்கப் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் சண்டை போட்டுக் காப்பாற்றிவிட்டார்கள்.

கேள்வி: யூடியூபில் கேட்டுப் பார்த்தேன். குரல் நடுங்குகிறது, சுருதி நிற்கவில்லை. பரிதாபப்பட்டுத்தான் புகழ்கிறார்களோ? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: இல்லை சார், உறுதியாக இல்லை. குரல் நடுங்குவது உண்மைதான். அவர் வாசித்ததில் ஒன்று கார்டு ஆர்கன், விலை குறைந்த, கிட்டத்தட்டப் பொம்மை மாதிரியான பெட்டி. உள்ளே காற்றும் ரீடும்தான், நம் ஆர்மோனியத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த நடுக்கத்துக்குக் கீழே இருக்கிற மெட்டையும் வரிகளையும் கேளுங்கள். ஒருதலைக் காதலை இவ்வளவு சின்னச் சின்னச் சொற்களில், அழுது வடியாமல், நேராகச் சொன்னவர்கள் ரொம்பக் குறைவு. டாம் வெய்ட்ஸ், பெக் மாதிரிப் பெயர்பெற்ற பாடகர்கள் சும்மா பரிதாபத்துக்காக அவர் பாட்டுகளை எடுத்துப் பாடவில்லை.

இன்னொன்று சொல்கிறேன். ஆரம்ப காலத்தில் கேசட்டைப் பிரதி எடுக்க அவரிடம் வசதி கிடையாது, இருந்தது ஒரே ஒரு ரெக்கார்டர். அதனால் யாராவது கேசட் கேட்டால், வீட்டுக்குப் போய் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை மறுபடியும் வாசித்து, மறுபடியும் பாடி, புதிதாகப் பதிவு செய்து கொண்டுவந்து கொடுப்பாராம். அடுத்தவர் கேட்டால் அவருக்கும் அதே மாதிரி. ஒரே ஓர் ஆளுக்காக ஒரு முழு ஆல்பம்! இதைப் படித்த நாளிலிருந்து அவர் உழைப்பைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் வந்ததில்லை.

கேள்வி: அவருக்கு மனநோய் இருந்ததாமே. அதுதான் அவரைக் கலைஞர் ஆக்கியதா? (ஒரு மாணவி, சென்னை)

பதில்: இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும், உங்கள் மேல் இல்லை, பேச்சின் மேல். இருமுனைக் கோளாறு (மனநிலை உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறிமாறிப் போவது), மனச்சிதைவு இரண்டும் அவருக்கு இருந்ததாக மருத்துவர்கள் கண்டார்கள். 1990இல் ஆஸ்டினில் கச்சேரி முடித்து, அப்பா ஓட்டிய சின்ன விமானத்தில் வீடு திரும்பும்போது, தன்னைக் காஸ்பர் என்ற கார்ட்டூன் பேயாக நினைத்துக்கொண்டு சாவியைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டார். அப்பா முன்னாள் விமானப்படை விமானி என்பதால் மரங்களுக்கு நடுவே எப்படியோ இறக்கினார்; இருவரும் பிழைத்தது பெரிய அதிசயம். இதில் கலை எங்கே இருக்கிறது? நோய் அவருடைய எத்தனையோ மாதங்களை மருத்துவமனையில் தின்றது. எலெக்ட்ரா என்ற ரெக்கார்டு கம்பெனி தேடி வந்தபோது, அங்கே மெட்டாலிகா என்ற ஹெவி மெட்டல் இசைக்குழு இருக்கிறது, அது சாத்தானின் வேலை என்று பயந்து ஒதுங்கினார். 1994இல் அட்லாண்டிக் என்ற இன்னொரு ரெக்கார்டு கம்பெனி ஓர் ஆல்பம் வெளியிட்டது, விற்கவில்லை, அதோடு கைவிட்டுவிட்டார்கள். அவரைத் தாங்கிப் பிடித்தது டெக்சஸில் வாலர் என்ற சின்ன ஊரில் கூடவே வைத்துப் பார்த்துக்கொண்ட வயதான அப்பா அம்மா.

வரைவதை மட்டும் அவர் விடவே இல்லை. கேப்டன் அமெரிக்கா, மண்டையின் மேல்பாதி வெட்டுண்ட குத்துச்சண்டைக்காரன், கண்கள், பிசாசுகள், எல்லாம் மார்க்கர் பேனாவில். 2006இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் தன் பெரிய கண்காட்சியில் அந்தப் படங்களை வைத்தது. 2019இல், 58 வயதில் காலமானார். அவர் பிறந்த ஜனவரி 22ஐ ஆஸ்டினில், மனநலத்துக்காக ஒருவரை ஒருவர் 'எப்படி இருக்கிறீர்கள்' என்று விசாரிக்கும் நாளாக வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்? (ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: 1983ஆம் வருடக் கேசட்டுகளிலிருந்து. சரியான ஹெட்போன் போட்டுக்கொண்டு கேளுங்கள். டேப்பின் இரைச்சலும், ரெக்கார்டர் பொத்தானை அமுக்குகிற 'டக்' சத்தமும் சேர்ந்தே கேட்கும்.