கடல் அமிலமாதல்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: கடல் அமிலமாகிறது என்றால் குளிப்பவர்களுக்குத் தோல் எரியுமா?

எரியாது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கடலில் கரைவதால் வரும் மாற்றம் இது; கடல் நீர் இன்றைக்கும் காரம்தான். தொழிற்புரட்சிக்கு முன் மேற்பரப்பில் பிஹெச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7-க்கு மேல் காரம்) சுமார் 8.2 இருந்தது, இப்போது சுமார் 8.1. அமிலத்தின் திசையில் நகர்கிறது, அவ்வளவுதான்.

கே: வெறும் 0.1 குறைந்ததற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?

பிஹெச் மடக்கை அளவு சார். ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்காகும், 0.1 இறங்கினாலே சுமார் 26 சதவீதம் கூடிவிடும்.

கே: எரிமலைகள்தானே காரணம்?

இல்லை. எரிமலைகள் ஆண்டுக்கு விடும் கார்பன் டை ஆக்சைடைவிட நாம் நிலக்கரி, எண்ணெய் என்று எரித்து விடுவது பல பத்து மடங்கு. அதில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது.

கே: சூடான நீரில் வாயு குறைவாகத்தானே கரையும்? கடல் சூடாகும்போது வெளியேதானே விட வேண்டும்?

நல்ல கேள்வி. கரைதிறன் குறைவது உண்மைதான், ஆனால் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 280 பங்கிலிருந்து 420-ஐத் தாண்டிவிட்டதே, அந்த அழுத்தம்தான் ஜெயிக்கிறது.

கே: சிப்பி ஓடு கரைந்துபோகுமா?

முதலில் வேதியியல். கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகி, உடனே ஹைட்ரஜன் அயனியாகவும் பைகார்பனேட்டாகவும் பிரியும். பலர் இங்கேயே கதையை முடித்துவிடுகிறார்கள், விஷயமே அடுத்த படியில்தான் இருக்கிறது: அந்த ஹைட்ரஜன் அயனி நீரிலுள்ள கார்பனேட்டோடு சேர்ந்து அதையும் பைகார்பனேட் ஆக்கிவிடும். ஓடு கட்டக் கால்சியமும் கார்பனேட்டும் வேண்டும். கால்சியத்துக்குக் கடலில் பஞ்சமில்லை, கரைந்த கனிமக் கார்பனில் (கரைந்த வாயு, பைகார்பனேட், கார்பனேட் எல்லாம் சேர்த்து) கார்பனேட்டோ பத்தில் ஒரு பங்குகூடத் தேறுவது சந்தேகம். வளர்ந்த சிப்பி சமாளித்துக்கொள்ளும். முட்டையிலிருந்து வந்த குஞ்சோ முதல் இரண்டு நாளுக்குள், முட்டைக்குள் இருந்த சேமிப்பை மட்டும் வைத்து ஓடு கட்டியாக வேண்டும். கார்பனேட் குறைந்தால் அந்தச் சேமிப்பு ஓட்டுக்கே தீர்ந்துவிடும், வளரத் தெம்பு மிஞ்சாது. 2000-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஓரிகன் கரையில் கார்பன் டை ஆக்சைடு மிகுந்த ஆழத்து நீர் மேலேறியபோது சிப்பிப் பொரிப்பகங்களில் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. தொட்டி நீரில் சோடியம் கார்பனேட், அதாவது சலவை சோடா, கலந்த பிறகுதான் தேறின.

கே: அப்போ கடலுக்கே சோடாவோ சுண்ணாம்போ போட்டால்?

ஆராய்கிறார்கள். தொட்டிக்குச் சரி, கடலுக்கு எத்தனை கோடி டன் வேண்டும் என்று பாருங்கள். அப்புறம், சுண்ணாம்பு செய்யச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் அதிலிருந்தே கார்பன் டை ஆக்சைடு கிளம்பும், சூளைக்கு எரிபொருள் வேறு. அந்த வாயுவைப் பிடித்து வைக்காவிட்டால் கடல் கூடுதலாக வாங்கிக்கொள்ளும் லாபத்தில் பாதிக்கு மேல் சூளையிலேயே போய்விடும்.