வெந்நீர் ஊற்று நேரம் பார்த்துப் பீறிடுவது எப்படி?

காரைக்குடி சம்பை ஊற்று போலத்தான் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் உள்ள ஓல்டு ஃபெய்த்ஃபுல் என்ற வெந்நீர் ஊற்றும் பொங்குகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. சம்பையில் நிலத்தடி நீரின் அழுத்தம் மட்டும்தான். ஓல்டு ஃபெய்த்ஃபுல்லில் எரிமலைச் சூடும் சேர்கிறது.

குறுகலான பாறைக் குழாயின் அடியில் இருக்கும் நீர், மேலே நிற்கும் நீரின் பாரத்தால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். ஒரு கட்டத்தில் குமிழிகள் கிளம்பி மேல்நீரைக் கொஞ்சம் வழியவிடும். அவ்வளவுதான், பாரம் குறைந்ததும் அடிநீர் சட்டென்று ஆவியாகி எல்லாவற்றையும் 30 முதல் 55 மீட்டர் உயரத்துக்குத் தூக்கியடிக்கும். அப்புறம் குழாய் மறுபடி நிரம்பிச் சூடாக வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்: அது மணியடித்தாற்போல் வருவதில்லை. இரண்டு நிமிடத்துக்குள் ஓய்ந்தால் அடுத்தது சுமார் ஒரு மணி நேரத்தில்; நான்கைந்து நிமிடம் நீடித்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்தப் பகுதியில் 1959இல் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு சராசரி இடைவெளியே கூடிவிட்டது.