துகள் முழுசு, தொற்று மட்டும் இல்லை: எச்4எல் கேள்விக்குப் பதில்

மரபணுவை இயக்கிவிடும் வேதிப்பொருளான ஐபிடிஜியைச் சேர்க்காமல், வாக்சினியா என்ற அம்மை வகை வைரஸின் எச்4எல் மரபணுவை அடக்கியதும் பிளேக் (வைரஸ் செல்களை அழித்து உண்டாக்கும் வெற்றிடம்) வரவில்லை, ஆனால் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதன் துகள்கள் நன்றாகவே தெரிகின்றன, எங்கே தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பே இல்லைங்க. 1994இல் வைரஸ் ஆய்வாளர் பெர்னார்ட் மாஸின் குழுவும் இதையேதான் பார்த்தது.

எச்4எல் தரும் ராப்94 புரதம், டிஎன்ஏவைப் படித்து ஆர்என்ஏ செய்யும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸை ஒட்டிக்கொண்டு அதைத் துகளுக்குள் சேர்க்கிறது. அது இல்லாவிட்டால் டிஎன்ஏ உள்ளே போகும், துகளின் வெளி ஓடும் மூடிக்கொள்ளும்; பாலிமரேஸ் வெளியே நின்றுவிடும். பெட்டி வந்தாச்சு, உள்ளே மிஷின் இல்லை! உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் பெருகும் வைரஸ் என்பதால் செல் உட்கருவின் பாலிமரேஸும் கைகொடுக்காது.

சரிபார்க்க, தூய்மைப்படுத்திய துகள்களை என்பி-40 (சோப்பு போன்ற பொருள்), டிடிடி (புரதப் பிணைப்புகளை உடைக்கும் பொருள்) போட்டுத் திறந்து, ஆர்என்ஏவின் கட்டுமானப் பொருட்களான நான்கு என்டிபிகளையும் கொடுங்கள். சாதாரண வைரஸ் சோதனைக் குழாயிலேயே ஆர்என்ஏ செய்யும், உங்களுடையது செய்யாது. அப்புறம், ஒப்பிடும்போது இரண்டிலும் துகள்களின் எண்ணிக்கை சமமாக இருக்கட்டும்.