பட்டி நாய் மெலிகிறது என்று கேட்டவருக்கு

முத்தையன்கட்டில் மாட்டுப்பட்டி காக்கும் உங்கள் இரண்டு நாய்களும் மலிவான தீன் போட்டும் விலா எலும்பு தெரிய மெலிகின்றன என்று எழுதியிருந்தீர்கள். முதலில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தீர்களா? எங்கள் நாய் அதற்குப் பிறகுதான் தேறியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுங்கள்.

அப்புறம் தீன் பையின் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்த்த பொருட்களின் பட்டியலில் சோளமும் கோதுமையும் முன்னுக்கு இருந்தால் அதை விடுங்கள். நாள் முழுக்க ஓடும் நாய்க்குப் புரதம் 26, கொழுப்பு 16 சதவீதமாவது இருக்கவேண்டும். நெடுநேரம் ஓடும் பலம் கொழுப்பிலிருந்துதான் வருகிறது. வெறும் சோறு வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான்.

நல்ல பை விலை கூடத்தான். அதனால் பாதி அதுவும் பாதி வீட்டுச் சாப்பாடுமாகக் கலந்து கொடுங்கள். குறுணல் சோறு, குளத்துத் திலாப்பியாவை அவித்து முள் எடுத்தது, கோழிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் தோல், இதயம், கொஞ்சம் ஈரல். உப்பு, வெங்காயம் வேண்டாம். அவித்த கோழி எலும்பு போடவே வேண்டாம், உடைந்து குடலைக் குத்திவிடும். பன்றி இறைச்சி கிடைத்தாலும் பச்சையாகக் கொடுக்காதீர்கள்.

பெரிய சாப்பாட்டை மாடுகளை அடைத்து, நாய் இளைப்பாறிய பிறகு வையுங்கள். வயிறு நிறைந்தவுடன் ஓடவிடுவது ஆபத்து.