மாத்திரை போட்டா டி செல் செத்துடுமா?

வணக்கம் சார். அண்ணனுக்கு போன வருஷம் கிட்னி மாத்தினாங்க, காலைல ராத்திரின்னு ரெண்டு வேளை டாக்ரோலிமஸ் போடுறாரு. இவ்ளோண்டு மாத்திரை எப்படி எதிர்ப்பு சக்தியவே அடக்குது? டி செல் எல்லாம் செத்துடுமா? பம்ளிமாஸ் வேற சாப்பிடக்கூடாதுங்கறாங்க, அது ஏன்?
– ஒரு வாசகி, ஜூரோங் வெஸ்ட்

வணக்கம்மா. டி செல்ங்கிறது எதிர்ப்பு சக்தியோட சிப்பாய் மாதிரி ஒரு வெள்ளை அணு. அது சாகாது, ரத்தத்துல அது பாட்டுக்கு சுத்திக்கிட்டுதான் இருக்கும், உள்ள போற சேதிதான் பாதில நின்னுடும்.

டி செல் மேல ஒரு ரிசெப்டர், அதாவது சேதி வாங்குற புரோட்டீன் இருக்கு, அது அந்நிய புரோட்டீன் துண்டு ஒண்ணைத் தொட்டதும் உள்பக்கம் எல்சிகே-ன்னு ஒரு என்சைம் ரிசெப்டரோட வால்ல பாஸ்பேட்டுங்கிற சின்ன ரசாயனத் துண்டை ஒட்டும், அதைப் பிடிச்சுக்கிட்டு சாப்-70-ன்னு இன்னொரு என்சைம் வந்து உக்காரும், அது அடுத்த புரோட்டீனுக்கு பாஸ்பேட் ஒட்டும், சித்தாளுங்க செங்கல் கைமாத்துற மாதிரி போய்ப் போய் கடைசில செல்லுக்குள்ள கால்சியம் ஏறும். (கூடவே சிடி28-ன்னு இன்னொரு ரிசெப்டரும் சரின்னு சொல்லணும், இல்லேன்னா செல் மரத்துப்போய் உக்காந்துடும், அது தனிக்கதை.)

கால்சியம் ஏறினா கால்சிநியூரின்னு ஒரு என்சைம் முழிச்சுக்கும். என்எஃப்ஏடி-ன்னு ஒரு புரோட்டீன் உடம்பெல்லாம் பாஸ்பேட்டோட நியூக்ளியஸுக்கு வெளிய நிக்கும், கால்சிநியூரின் அந்த பாஸ்பேட்டையெல்லாம் கழட்டி விட்டாத்தான் உள்ள போக முடியும், போய் செல்லைப் பெருகச் சொல்ற இன்டர்லூகின்-2-ங்கிற புரோட்டீனோட ஜீனை ஆன் பண்ணும், அப்புறம்தான் ஒரு செல் ஆயிரமா பெருகி புது கிட்னி மேல பாயும். உங்கண்ணன் மாத்திரை மறிக்கிறது இந்த கால்சிநியூரினைத்தான். அதுவும் தனியா போகாது, நம்ம செல்லுலயே இருக்கிற எஃப்கேபிபி12-ங்கிற புரோட்டீனை ஜோடி சேத்துக்கிட்டுப் போய் ஒட்டிக்கும், உள்ளூர் ஆளு துணையில்லாம ஒண்ணும் நடக்காது பாருங்க! ஜப்பான்ல ட்சுகுபா பக்கத்து மண்ணுல இருந்த பாக்டீரியாகிட்டேர்ந்து 1984ல கண்டுபிடிச்ச மருந்து இது, பேரோட முதல் எழுத்தே அந்த ஊர் பேருலேர்ந்து வந்ததுதான்.

பம்ளிமாஸுக்கும் டி செல்லுக்கும் சம்பந்தமே இல்ல. குடல்லயும் ஈரல்லயும் இந்த மருந்தை சிதைக்கிற என்சைம் ஒண்ணு இருக்கு, பம்ளிமாஸ், கிரேப்ஃப்ரூட் எல்லாம் அதை முடக்கிடும், அப்ப மருந்து கழியாம ரத்தத்துல ஏறிடும். ஏறினா கை நடுங்கும், காப்பாத்த வேண்டிய கிட்னியவே கெடுத்துடும். சீனப் புத்தாண்டுக்கு பக்கத்து வீட்டுல கொண்டாந்து குடுத்தா வாங்கிக்குங்க, மத்தவங்க சாப்பிடுங்க, அண்ணனுக்கு மட்டும் வேணாம். இன்னொண்ணு, மருந்து அளவு பாக்கிற அன்னைக்கு ரத்தம் குடுத்தப்புறம்தான் காலை மாத்திரை போடச் சொல்வாங்க, அடுத்த வேளைக்கு முன்னாடி எவ்ளோ மிச்சம் இருக்குன்னுதான் பாக்குறாங்க, அதனால மறந்து முன்னாடியே போட்டுட்டா நர்ஸ்கிட்ட சொல்லிடச் சொல்லுங்க.